கோர்ட் விட்ட மாமா

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜரான பெரிய துரை ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. நாட்டுக்கும் அப்படி ஒரு பெரிய துரை இருப்பார், அவர் கோர்ட்டில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்று எட்டு வயதில் நானாக முடிவுகட்டியிருந்தேன். கோர்ட்டுக்குப் போனபோது பார்த்தால், நாற்காலிக்குப் பின்னால் அரசாங்கத்தின் சிங்க முத்திரை வேறு இருந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி நடந்து, அவசரகாலச் சட்டம் போட்டிருந்த வருஷம் அது. எல்கடுவையில் தோட்டப் பள்ளி வாத்தியாராக இருந்த மாமாவை, ஊரடங்கு நேரத்தில் சிங்களப் பையன்களோடு ரோட்டில் நின்றார் என்று பிடித்துப் போயிருந்தார்கள். வழக்கு வந்த அன்று அவரைக் கூட்டி வர அப்பா, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் வாடகைக் காரை அமர்த்தினார். நானும் அடம்பிடித்து ஏறிக்கொண்டேன்.

நீதவான் கொஞ்ச நேரம்தான் கேட்டார். ஆதாரம் இல்லை, போகலாம் என்றார். மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெளியே கோர்ட் படியில் இறங்கும்போதே ஜீப்பில் வந்தவர்கள் அவரை ஆளுக்கொரு கையாகப் பிடித்தார்கள். கொழும்பிலிருந்து தடுப்புக்காவல் உத்தரவு வந்திருக்கிறதாம். அதை எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்க முடியாதாம். நீட்டிய தாளின் தலையிலும் அதே சிங்கம் இருந்தது. மாமா ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

திரும்பும்போது பின்சீட்டில் மாமாவுக்கு என்று வைத்திருந்த இடத்தில் நான் உட்காரவில்லை. மறுபக்கக் கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

"மாமாவ விட்டுட்டாங்கதானேப்பா?"

"கோர்ட் விட்டுருச்சு பாப்பா. கவர்மெண்டு புடிச்சுக்கிச்சு."

"அப்ப கோர்ட்டு கவர்மெண்டு இல்லியா?"

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு வெளியே பார்த்தார்.

தீர்ப்பை மட்டும் கேட்டுவிட்டு பஸ் ஏறிய யாரோ நல்ல செய்தியை முந்திக்கொண்டு வந்து சொல்லியிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மலையெல்லாம் மூடுபனி. மாமாவின் மனைவியான அத்தை ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார். சிறையிலிருந்து வந்தவருக்கு ஆரத்தி சுற்றும்வரை வீட்டுக்காரர்கள் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அத்தை தலையைக் குனிந்தபடியே காருக்கு வந்தார். கல்யாணக் கார் ஓட்டிய பழக்கத்தில் டிரைவர் நானா இறங்கிப்போய் மாமாவுக்கு வைத்திருந்த பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

அப்பா இறங்கி வருவதற்குள் அத்தை சுற்றத் தொடங்கிவிட்டார். காற்றே இல்லை. இருந்தும் வெற்றிலை மேலிருந்த கற்பூரச் சுடர் காருக்குள் சாய்ந்து எரிந்தது. சுற்றி முடித்து அத்தை நிமிர்ந்தார். காலியான சீட்டை வெகுநேரம் பார்த்தார். அழவில்லை.

"உள்ள வாங்க," என்றார்.

டிரைவர் நானா சட்டென்று ஒதுங்கி வழிவிட்டார். நான் பயந்துபோய் மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன்.

பயம் போனதும் எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றியது. கோர்ட் விட்ட மாமா எங்களோடு வந்துவிட்டார், ஜீப்பில் போனவர் கவர்மெண்டின் மாமா. ஆளுக்கு ஒருவர், சண்டை தீர்ந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொன்னேன். அத்தையும் தினமும் இரண்டு தட்டில் சோறு போட்டதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இரண்டு பேரும் ஒரே மாமாதான் என்பது, அடுத்த மழைக்காலத்தில் காவலிலிருந்து சாவுச் செய்தி வந்து அத்தையின் நெற்றியிலிருந்த பொட்டை அழித்தபோதுகூட எனக்குப் புரியவில்லை. கோர்ட் விட்ட மாமா உள்ளேதானே இருக்கிறார், இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று அறைக்குள் எட்டிப் பார்த்தேன்.