முடிந்துபோன ஆட்டத்துக்கு நான் வைத்த நேர்த்தி

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஆறு; நாத்தனார் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது எட்டு. கோயில் வகுப்பில் அரைகுறையாகப் படித்த எழுத்துதான், ஆனாலும் இதை நானே எழுதுகிறேன். எங்கள் பசுந்தாங் பேட்டை முழுக்க வேறு விதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள், அதனால்.

கடைசி மகன் அமெரிக்காவில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் இருக்கிறான். "அம்மா, இங்க வந்திருங்க. மூணு மாடி ஏறி எறங்கி எத்தனை நாளைக்கு?" என்று போனில் ஒரே பாட்டு. எனக்குப் போக விருப்பமில்லை. இங்கே கீழே இறங்கினால் என்னைத் தெரியாத கடைக்காரர் இல்லை. அங்கே போய் யாரிடம் பேரம் பேசுவது, யாரைத் திட்டுவது?

அம்மன் கோயிலில் பூக் கேட்டுப் பார்த்தேன். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் போக வேண்டும், வெள்ளை வந்தால் இருக்கலாம். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் சிவப்பு. பொட்டலம் கட்டியவரின் கைராசி சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மகன், எனக்குப் பொழுது போகட்டும் என்று, அவன் ஊர் அணியின் பந்தாட்டத்தை வாரம் ஒன்றாகப் போனுக்கு அனுப்பத் தொடங்கினான். அங்கே அதற்குக் கால்பந்து என்றுதான் பெயர். ஆனால் பந்தைக் காலால் தொடுவதற்கென்று ஒருவன்தான் இருக்கிறான். மற்றவர்கள் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பந்தும் உருண்டை இல்லை, பப்பாளிக்காய் போல இருக்கிறது. தலையில் சட்டி கவிழ்த்த ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். எழுந்ததும் வட்டமாக நின்று கூடிப் பேசுகிறார்கள். ஓட்டம் கொஞ்சம், பேச்சு அதிகம். கோயில் கமிட்டிக் கூட்டம் போலவே இருந்ததால் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது.

படம் வெளிறிப்போய்க் கோடு கோடாக வந்தது. எங்கள் ஊர் லைனில் எதுவும் அப்படித்தான் தெரியும். ஆட்டக்காரர்களுக்குக் கன்னம் மறைக்கும் கிருதா. அந்த நாட்டில் அதுதான் வழக்கம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரமும் மகன் ஊர் அணி தோற்றது. பந்தை எறிகிற தலைவனுக்கு முழங்கால் போய், தூக்கிக்கொண்டு போனார்கள். இதுதான் சமயம் என்று கோயிலுக்குப் போனேன். பூசாரி காதில் விழும்படி சொன்னேன்: "தாயே, பூவெல்லாம் வேணாம். இந்த வருசம் என் மவன் ஊரு டீம் கோப்பையைத் தூக்குனா நான் அமெரிக்கா போறேன். தோத்தா என்னைய விட்டுரு."

அடுத்த வாரம் தலைவனுக்குப் பதில் ஓர் ஒல்லிப் பையன் வந்தான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவன் எறிந்ததெல்லாம் வெற்றி. போனைப் பிடித்திருக்கும் பேத்தி வாராவாரம் "நைங் பீ, ஆயா! ஜெயிச்சிட்டாங்க!" என்று பர்மாப் பேச்சும் தமிழுமாகக் குதித்தாள். நான் பார்ப்பதால்தான் ஜெயிக்கிறார்கள் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அப்போதும் ஜெயித்தார்கள். எதிரணிக்காக எலுமிச்சை மாலை கொண்டுபோனேன். யார் பெயருக்கு அர்ச்சனை என்று பூசாரி கேட்டார். "எதிரணி, மொத்தமா" என்றேன்.

இறுதி ஆட்டம் மட்டும் பாக்கி இருந்தபோது மகன் போனில் வந்தான்.

"அந்த ஒல்லிப் பையனுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் வரலையாடா?"

"எந்தப் பையன்மா? எறியறவரா? போன வாரம் மருந்துக் கடையில பாத்தேன். கோல் ஊணிக்கிட்டு நின்னாரு."

"அடிபட்டிருச்சா?"

"வயசாயிருச்சும்மா! அது நான் உங்க இடுப்புல இருந்தப்ப ஆடுன ஆட்டம். இந்த ஊர்க்காரங்க இன்னும் அதையே போட்டுப் பாக்குறாங்க. கடைசில என்னாச்சு தெரியுமா..."

"வாய மூடுடா!" என்று போனை வைத்தேன்.

பேத்தி வழியாகத் தெருவெல்லாம் பரவிவிட்டது. பூசாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஆயா, முடிஞ்ச ஆட்டத்துக்கு வச்ச நேர்த்தி செல்லாது. ஏமாந்துட்டீங்க. விட்டுருங்க."

சரி என்று நான் வந்திருக்கலாம். என்னை விடுவித்துவிட்டாரே. ஆனால் ஏமாந்தேன் என்ற சொல் எனக்கு ஆகாது.

"யாரு ஏமாந்தது? பழசுன்னு எனக்குத் தெரியாது, சரி. அம்மாவுக்குமா தெரியாது? அவளுக்கு நேத்தும் நாளைக்கும் ஒண்ணு. முடிவு தெரிஞ்சுதான் என் வாக்கை வாங்கிக்கிட்டா. செல்லாதுன்னு சொல்ல நீங்க யாரு சாமி?"

பூசாரி கொஞ்சம் யோசித்தார். "நீங்க சொல்றதும் நியாயந்தான். அப்ப செல்லும்" என்றார். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். வாதத்தில் ஜெயித்துப் படி இறங்கும்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

கரண்டு வந்த ஒரு மத்தியானம் இறுதி ஆட்டத்தைப் பார்த்தோம். முடியப்போகும் நேரத்தில் இரண்டு பக்கமும் சமம். ஒல்லிப் பையன் மேல் நாலு தடியன்கள் பாய்ந்தார்கள். அவன் விழுந்துகொண்டே எறிந்தான்.

"பிடிச்சிராதே!" என்று கத்தினேன்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் பிடித்தால் கோப்பை; ஒருவன் பிடித்துவிட்டான். எத்தனையோ வருஷம் முன்னாலேயே பிடித்துவிட்டான். நான் இப்போது கத்துகிறேன். பேத்தி இந்தத் தடவை குதிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தாகிவிட்டது. மகனுக்கு ஒரே நிபந்தனை: போன மறுநாளே அந்த மருந்துக் கடைக்கு என்னைக் கூட்டிப்போக வேண்டும். அந்தக் கோல் ஊன்றியவரை நிறுத்தி, "அந்தப் பந்தை ஏன்யா எறிஞ்சே?" என்று கேட்காமல் எனக்கு ஆறாது.

இந்தாடி பேத்தி, நான் எழுதினதை எழுத்துக் கூட்டியாவது சத்தமாகப் படி. போக எனக்குப் பயம் என்பது போல எங்கேயாவது வந்திருந்தால் சொல், அந்த வரியை அடித்துவிடுகிறேன்.