ஆளுக்குப் பாதி

பெரியம்மா குளியலறை வாசலில் விழுந்தபோது நான் கட்டிலுக்கு அடியில் அவளுடைய செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை. துணி மூட்டை நழுவியது போல இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், கதவு நிலையைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்திருந்தாள். உதடுகூட வெளுத்திருந்தது.

பித்தப்பையில் கல். அதை எடுக்கத்தான் முந்தின நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். துணைக்கு யார் இருப்பது என்ற பேச்சு வந்ததும் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். “இத்தனை வருஷம் நாடு நாடா சுத்திட்டு வந்தவதானே, ஆஸ்பத்திரியிலயும் கொஞ்ச நாள் சுத்தட்டும்” என்றாள் அம்மா. பெரியம்மாவுக்கு அது பிடித்திருந்தது. “இவளால ஒரு இடத்துல உக்கார முடியாது, என்னால படுக்க முடியாது. நல்ல ஜோடி” என்றாள்.

உண்மைதான். சட்டை தைக்கும் கம்பெனியில் அவள் துணி வெட்டுகிறவள். பாய் மாதிரி அடுக்கிய துணியை நாள் முழுக்க நின்றுகொண்டே வெட்டுவாள். கோடு பிசகாது. அவள் வெட்டியதை அளந்து பார்க்க வேண்டியதில்லை என்று அங்கே சொல்வார்கள்.

நர்ஸ் ஓடி வந்து அவளைக் கட்டிலில் கிடத்தி, கால்களை உயர்த்தி வைத்து, கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் அளந்தாள். அளந்ததை நம்பாமல் அடுத்த கையிலும் அளந்தாள். கொஞ்ச நேரத்தில் கட்டிலைச் சுற்றி ஆட்கள். சலைன் ஏறியது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் அம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

“ஆபரேஷன் இன்னைக்கு இல்ல. இவங்களுக்கு ஒரு வருஷமா பிரஷர் மாத்திரையைக் கூட்டிக்கிட்டே வந்திருக்காங்க, அடங்கவே இல்ல. அப்படிப்பட்டவங்களுக்குத் திடீர்னு இப்படி இறங்குனா ஹார்ட்டைத்தான் முதல்ல சந்தேகப்படணும். ஈசிஜியிலயும் லேசா மாறுதல் தெரியுது. ரத்தக் குழாய்க்குள்ள டியூப் விட்டுப் பார்த்துடலாம். அவங்க வீட்டுக்காரரை உடனே வரச் சொல்லுங்க, கையெழுத்து வேணும்.”

“டியூப் விடுறதுல ஆபத்து இருக்கா?”

“எதுலதான் இல்ல? விடாம இருக்கிறது அதைவிட ஆபத்துன்னு நினைக்கிறேன்.”

பெரியப்பா கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறார். வானத்தில் தொங்கும் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து இரும்பையும் சிமெண்டையும் தூக்கி வைக்கிறவர். வேலையிடத்தில் அவருக்குப் பருந்து என்று பெயர். மேலே போனால் போனை அணைத்துவிடுவார் என்பதால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.

“பருந்தா? கூண்டுல இருக்காரு. இறங்கச் சொல்றேன்மா, ஆனா ஏணியில இறங்கி வரணும். நேரமாகும்.”

நான் திரும்பி வந்தபோது பெரியம்மா கண்ணைத் திறந்திருந்தாள். முதலில் கேட்டது தன்னைப் பற்றி அல்ல.

“அவருக்குக் குடுத்தியா?”

“என்னத்தை?”

“பாதியை. நேத்து ராத்திரி மறந்துட்டேன், காலையிலயும் போகல. கைப்பையில சின்ன டப்பா இருக்கு பாரு.”

டப்பாவைத் திறந்தேன். அத்தனையும் பாதி மாத்திரைகள். தூள்கூட உதிராமல், விளிம்பு சிதறாமல், நேர்கோட்டில் வெட்டியவை. யார் வெட்டியது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“பெரியம்மா, இது உன்னோட பிரஷர் மாத்திரைதானே?”

“எங்க ரெண்டு பேரோடதும்.” குரல் மெலிந்திருந்தாலும் பேச்சு நிற்கவில்லை. “போன வருஷம் பின்மண்டை இடிக்குதுன்னார். மருந்துக்கடையில அளந்து பார்த்தா என்னைவிட அவருக்குத்தான் அதிகம். டாக்டர்கிட்ட போனா கம்பெனி காதுக்குப் போயிடும். பிரஷர்காரனைக் கிரேன்ல ஏத்துவானா? ஒரே வியாதி, ஒரே மாத்திரை. ஆளுக்குப் பாதி.”

“எப்பவும் பார்க்கிற டாக்டர் டோஸைக் கூட்டுனப்போவாவது சொல்லியிருக்கலாமே?”

“எதுக்குச் சொல்லணும்? அந்த டாக்டர் எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுறார்னு நாங்க சந்தோஷப்பட்டோம்.” சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

நேற்று இரவும் இன்று காலையும் நர்ஸ் பக்கத்திலேயே நின்று, அவள் முழு மாத்திரையை விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். பாதிக்குப் பழகிய உடம்பில் முழுசு. இதயம் பாவம், எந்தத் தப்பும் செய்யாமல் இருக்கலாம். அதற்குள் டியூப் விடப்போகிறார்கள். அந்தப் பக்கம் பெரியப்பா, அந்தப் பாதியும் இல்லாமல், ஏணியில் இறங்கிக்கொண்டிருக்கிறார்.

“நான் போய் டாக்டர்கிட்ட சொல்றேன்.”

மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். கத்தரி பிடித்த கை. வலித்தது.

“சொன்னே, செத்தாலும் உன்னை மன்னிக்க மாட்டேன்.”

“நீ சாகக் கூடாதுன்னுதான் சொல்லப் போறேன்.”

“அவருக்கு வேற வேலை தெரியாதுடி. இந்த வயசுல கீழ நின்னு கல்லு சுமக்கச் சொல்றியா? டியூப் விட்டா விட்டுட்டுப் போகட்டும். நான் தாங்குவேன்.”

கையை விடுவித்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் அம்மா வேறொரு ஆபரேஷனில் இருந்தார். கதவருகே நின்றவர் உள்ளே விடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் படிக்கட்டுக்கும் வார்டுக்கும் நடந்துகொண்டிருந்தபோது பெரியப்பா வந்தார். கனத்த பூட்ஸ், கையில் ஹெல்மெட், சிவந்த கண்கள். சுவரைத் தொட்டுக்கொண்டே படியேறியிருந்தார்.

நடைபாதையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர், “அப்போ என் பாதியாலதான் அவளுக்கு இப்படி” என்றார்.

“இன்னும் ஒண்ணும் ஆகல பெரியப்பா. ஆனா நீங்க கையெழுத்துப் போட்டா கொண்டுபோயிடுவாங்க.”

நாங்கள் உள்ளே நுழைந்தபோது தள்ளுவண்டி கட்டிலோடு ஒட்டி நின்றிருந்தது. டாக்டர் அம்மாவும் வந்துவிட்டார். பெரியப்பா வாயைத் திறக்கப்போவதைப் பெரியம்மா பார்த்தாள். சலைன் ஏறாத கையை உயர்த்தி விரல்களை மடக்கிக் காட்டினாள். கிரேன்காரர்களின் கைச்சாடை அது. அவர் வேலையிடத்தில், கீழே நிற்பவர் முஷ்டியைக் காட்டினால் மேலே இருப்பவர் எதையும் கேட்காமல் நிறுத்தியாக வேண்டும். வீட்டில் அவர் விருந்தாளிகளிடம் உளறத் தொடங்கும்போதெல்லாம் அவள் அதைத்தான் காட்டுவாள். அவரும் பாதி வார்த்தையில் நின்றுவிடுவார்.

இப்போதும் நின்றார். ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அவள் முஷ்டியை இறக்கவில்லை.

“டாக்டர், அவ மாத்திரையில பாதியை நான் சாப்பிடுறேன். ஒரு வருஷமா.”

டாக்டர் அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தள்ளுவண்டிக்காரரைப் பார்த்துக் கையசைத்தார். “கொஞ்சம் இருப்பா.” பிறகு பெரியம்மாவிடம், “அப்போ நீங்க சாப்பிட்டது பாதிதானா? நாங்க குடுத்தது உங்களுக்கு ரெண்டு மடங்குங்க!”

பெரியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டியூப் இப்போதைக்கு வேண்டாம், மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம், ஈசிஜி மறுபடி எடுங்கள் என்றெல்லாம் உத்தரவுகள் பறந்தன. அது முடிந்ததும் டாக்டர் அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“நீங்க உக்காருங்க.”

“எனக்கு எதுக்கும்மா?”

“உக்காருங்கன்னேன்.”

அளந்தார். நர்ஸும் எட்டிப் பார்த்தாள். யாரும் எண்ணைச் சொல்லவில்லை.

“இதோடயா மேல ஏறுனீங்க?”

“இன்னைக்குப் பாதி போடல. அதான்.”

“போட்ட பாதியும் உங்களுக்கு எழுதினது இல்ல. நீங்க தூக்குற இரும்பு யார் தலைக்கு மேல போகுது?”

பெரியப்பா குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். “கீழ வேலை பார்க்கிற எங்க பசங்க தலைக்கு மேலதான்” என்றார்.

“நான் உங்க கம்பெனிக்குப் போன் பண்ண மாட்டேன். அது நீங்க பண்ண வேண்டியது. ஒழுங்கா மருந்து சாப்பிட்டு அடங்குச்சுன்னா திரும்ப ஏறலாமான்னு அப்புறம் பார்ப்போம். அடங்கும்னு இப்போ வாக்குக் குடுக்க மாட்டேன்.”

சலைன் பாட்டில் காலியாகி அடுத்தது மாட்டப்பட்டது. பெரியம்மாவின் உதட்டில் நிறம் மெல்லத் திரும்பியது. இரண்டாவது ஈசிஜி பரவாயில்லை என்றார்கள். அவள் மட்டும் திரும்பவேயில்லை. பெரியப்பா ஜன்னலருகே போய்ப் போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் சூப்பர்வைசரின் குரல் எனக்கே கேட்டது. பெரியப்பா மெதுவாகச் சொன்னார்.

“நாளைக்கு நான் ஏறல சார்... இல்ல, அவளுக்காக இல்ல. எனக்கே பிரஷர். ஆமா, ரொம்ப நாளா.”

அதற்குப் பிறகு அவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். போனை வைத்துவிட்டு வந்து கட்டில் பக்கத்தில் நின்றார்.

“என்ன சொல்றான்?” என்று சுவரிடம் கேட்டாள் பெரியம்மா.

“மறைச்சு வேலை பார்த்தியான்னு கத்துறான். வேற ஆளைப் பார்ப்பானாம்.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

“கத்தட்டும்” என்றாள் பெரியம்மா கடைசியில். “அவனுக்கும் பிரஷர் ஏறட்டும்.”

பெரியப்பா சிரிக்கவில்லை. உட்காரலாமா கூடாதா என்று தெரியாதவர் போல நின்றுகொண்டே இருந்தார். அவள் திரும்பிப் பார்க்காமல், சலைன் கையை ஜாக்கிரதையாகத் தூக்கிக்கொண்டு, கட்டிலில் இடம் விட்டு, கொஞ்சம் தள்ளிப் படுத்தாள்.