கிணற்றுக்குள் கேட்ட மூச்சு

ரப்பர் வாசனை. அதற்குப் பின்னால் லேசாக எண்ணெய் நெடி. நாக்கு சட்டென்று உலர்ந்துபோனது…

வாழ்நாள் முழுக்கக் காற்றைச் சுவாசித்திருக்கிறேன். ருசி பார்த்தது அன்றுதான்.

அறுபதுகளின் நடுவில், நண்பர்களே. பாலக்கரையில் பழைய இரும்பு வியாபாரம் தொடங்கி, செகண்ட் ஹேண்டில் ஒரு வேன் வாங்கியிருந்த காலம். முக்கொம்பு அணையில் தண்ணீருக்கடியில் இறங்கி ஷட்டர்களைப் பார்க்கும் வேலையை எனக்குத் தெரிந்த ஒரு கான்ட்ராக்டர் எடுத்திருந்தார். "மதராஸுக்குத்தானே போறீங்க? வரும்போது நம்ம டைவரை ஏத்திட்டு வந்துடுங்க" என்றார். காலி வண்டியாகத் திரும்பினால் எனக்குத்தானே நஷ்டம்? சரி என்றேன்.

டைவர் பெயர் அந்தோணி. தூத்துக்குடிக்காரர். சங்கு குளித்துப் பழகி, பிறகு கப்பல் வேலைக்குப் போனவர். அவரோடு இரண்டு இரும்பு சிலிண்டர்கள் ஏறின. வழியில் டீக்கு நிறுத்தியபோது, என் ஆசையைப் பார்த்து, ரப்பர் குழாயை என் வாயில் வைத்துவிட்டார்.

"ஆக்சிஜன்தானே?" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி, வெறும் காத்துதான். தனி ஆக்சிஜனை இழுத்துக்கிட்டு ஆழத்துக்குப் போனா அதுவே விஷம். வலிப்பு வந்துரும்."

"அப்ப ரோட்டுல சும்மா கிடக்கிறதையா அடைச்சு வச்சிருக்கீங்க? கொள்முதலே இல்லாத சரக்கு!"

அந்தோணி சிரித்தார். "அமுக்கி அடைக்கணும்லா? ஒரு பெரிய பீரோ நிறைய இருக்கிற காத்து இதுக்குள்ள கிடக்கு. காலி சிலிண்டரையும் ரொம்பின சிலிண்டரையும் தராசுல வச்சுப் பாருங்க. ரெண்டு கிலோவாவது கூட நிக்கும்."

எடை போட்டே பிழைக்கிறவன் நான். காற்றுக்கு எடை உண்டு என்பதை அன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை… வண்டி ஓட்டிக்கொண்டே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமயபுரத்துக்கு முன்னால், ரோட்டோரத் தோட்டத்தில் ஒரே கூட்டம். பெண்களின் அலறல். பிரேக் போட்டேன்.

கோடையில் தண்ணீர் இறங்கிவிட்டதால், ஆயில் இன்ஜினைக் கிணற்றுக்குள்ளேயே ஒரு மேடையில் இறக்கி வைத்திருந்தார்கள். அப்போதெல்லாம் அப்படித்தான். குழாயைப் பார்க்க இறங்கிய மாணிக்கம் என்ற விவசாயி, இன்ஜின் புகையில் மயங்கி அந்த மேடையிலேயே கிடந்தார். கயிற்றில் கட்டி இறக்கிய லாந்தர் பாதி வழியில் மங்கி அணைந்துபோயிற்று. கீழே இன்ஜின் மட்டும் இருமிக்கொண்டு ஓடியது.

"விடுங்கடா என்னை! என் அண்ணன்டா!" என்று தம்பி திமிறினார். நாலு பேர் அவரைப் பிடித்திருந்தார்கள். "நீயும் போய்ச் சேரணுமா?" என்று ஒருவர் அதட்டினார்.

திரும்பிப் பார்த்தேன். அந்தோணி சிலிண்டரை முதுகில் மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ரெண்டாவது சிலிண்டரோட திருகைக் கொஞ்சமா திறந்து, கயித்துல கட்டி இறக்குங்க. அவரு மூஞ்சிக்கு நேரா நான் வச்சுக்கிடுதேன்."

"முக்கொம்பு வேலைக்கு?"

"காத்து எங்க போயிரும்? மறுபடி அடைச்சுக்கிடலாம். இவருக்கு நேரமில்ல."

கண்ணாடியை மாட்டி, குழாயை வாயில் கவ்வி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். தண்ணீருக்குள் இறங்குகிற கோலத்தில் ஒரு மனிதர் புகைக்குள் இறங்கினார்.

நான் திருகைத் திறந்தேன். நல்ல பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம். விரல் பட்ட இடம் ஐஸாகச் சில்லிட்டது. சீறிக்கொண்டே சிலிண்டர் கீழே போயிற்று.

முதலில் இன்ஜின் நின்றது.

அப்புறம் சிலிண்டரின் சீறலையும் மீறி ஒரு சத்தம் மேலே வந்தது. அந்தோணியின் மூச்சு. உள்ளே இழுக்கும்போது ஒரு கரகரப்பு, வெளியே விடும்போது ஒரு பெருமூச்சு. கிணற்றுச் சுவரில் மோதிப் பெரிதாகி வந்தது. அலறிய பெண்கள்கூட அடங்கிவிட்டார்கள். அவர் இழுத்தால் நாங்களும் இழுத்தோம், அவர் விட்டால் நாங்களும் விட்டோம்… அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே நுரையீரல் கீழே வேலை செய்வதுபோல இருந்தது.

கயிறு இரண்டு முறை சுண்டியது, ஆளைக் கட்டியாயிற்று என்று அடையாளம். "இழுங்க!" என்று கத்தினேன்.

மாணிக்கம் மேலே வந்தார். உடம்பில் அசைவில்லை. வேட்டியால் விசிறினார்கள், முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். பின்னாலேயே ஏறி வந்த அந்தோணி எல்லாரையும் விலக்கி, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகில் தட்டினார். மார்பு ஒருமுறை ஏறியது. நின்றது. பிறகு ஒரு இருமல்… இன்னொரு இருமல்.

கண் திறந்ததும் அந்த மனுஷர் கேட்ட முதல் கேள்வி: "கடைசி வாழைக்குத் தண்ணி பாஞ்சுதா?"

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "எமன் வாசல் வரைக்கும் போயிட்டு வந்து கேக்குற கேள்வியப் பாரு! நீயே போய்ப் பாரு போ!" என்று திட்டிக்கொண்டே அழுதார். கூட்டம் மொத்தமும் சிரித்தது, அழுதது.

இரண்டு சிலிண்டரும் காலி. மறுநாள் மறுபடி மதராஸ். கான்ட்ராக்டர் என்னைப் பேசாத பேச்சில்லை. டீசல் செலவு என் தலையில்தான் விழுந்தது. நஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இப்போது ஸ்ரீரங்கத்தில் வீடு, ஏசி கார், டிரைவர். சென்னை ரோடு அகலமாகிவிட்டது. அந்தத் தோட்டம் எது, கிணறு எது என்று அடையாளமே தெரியவில்லை. போர் போட்டு மோட்டாரை ஆழத்தில் இறக்கிவிடுகிறார்கள், மனிதர் யாரும் இறங்க வேண்டியதில்லை. நல்லதுதான்.

ஆனாலும் சமயபுரம் நெருங்கினால் கண்ணாடியை இறக்கச் சொல்வேன்.

"தூசி வருதுங்கய்யா" என்பான் டிரைவர்.

வரட்டும்ப்பா… காற்றும் வருகிறதே.