ஏலக்கடைக் காசு

மூன்று வருடம் நான் ஒரு கடைவாசலில் நின்றேன். அந்தக் கடைக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. வாளும் மந்திரமும் பூதமும் உள்ள ஓர் இணைய விளையாட்டுக்குள் இருந்த ஏலக்கடை அது. விளையாடுகிறவர்கள் காட்டிலும் குகையிலும் எடுத்த மூலிகை, தாது, தோல் எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து விலைபோட்டு வைப்பார்கள். தேவைப்பட்டவர்கள் விளையாட்டின் பொற்காசைக் கொடுத்து வாங்குவார்கள். நான் ஒரு பூதத்தையும் கொன்றதில்லை. திரையில் என்னுடைய ஆள் கிழிந்த மேலங்கியோடு அந்த வாசலிலேயே நின்றாள். போகிற வருகிறவர்கள் "நீ இங்கேதான் குடியிருக்கிறாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பகிடி பண்ணுவார்கள். ஆமாம் என்று நானும் எழுதுவேன்.

அந்தப் பொற்காசை உண்மையான டொலருக்கு வாங்க ஆட்கள் இருந்தார்கள். விளையாட்டை நடத்துகிறவர்களின் சட்டப்படி அது குற்றம். அது எனக்குத் தெரியும். நான் ஒன்றும் அறியாத பச்சைப்பிள்ளை இல்லை. ஏ.எல். சோதனை இரண்டு தரம் எடுத்தும் பல்கலைக்கழகம் கிடைக்காமல், கொழும்புத்துறையில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருபத்திரண்டு வயதில் குந்தியிருந்தவள். யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றால் என்ன சம்பளம் என்றும் எனக்குத் தெரியும். அங்கே எட்டு மாதம் நின்று பார்த்தவள்தான்.

வியாபாரத்தை எங்கே படித்தாய் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எங்கள் கரையில் என்று சொல்லியிருப்பேன். அப்பா விடியக் கடலில் கட்டிய களங்கண்டி வலையிலிருந்து கொண்டுவருகிற ஓரா மீனையும் நண்டையும் இறாலையும் கரையில் குவித்ததும் ஏலம் கூறுகிறவர் வந்து விலை கூறத் தொடங்குவார். வாங்க வந்தவர்கள் சுற்றி நிற்பார்கள். பிடித்த ஆள் மட்டும் வாய் திறக்கக்கூடாது. அப்பா இரண்டடி பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு, அந்த மீன் வேறு யாருடையதோ என்பதுபோலக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். விற்கிறவன் ஒரு வார்த்தை கதைத்தாலும் அவனுடைய அவசரம் தெரிந்துவிடும், விலை அந்த இடத்திலேயே நின்றுவிடும். சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிற சாட்டில் இதைத்தான் நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

விளையாட்டுக்குள்ளும் அதே அவசரந்தான். அமெரிக்கக்காரருக்கு ஞாயிறு இரவென்றால் எங்களுக்குத் திங்கள் காலை. சனி ஞாயிறு முழுக்க மூலிகை பிடுங்கியவர்கள், நித்திரைக்குப் போகுமுன் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அப்போது நான் வாரி வாங்குவேன். செவ்வாய் மாலை அங்கே கூட்டங்கூட்டமாகப் பெரிய பூதங்களை அடிக்கப் போவார்கள். மருந்து காய்ச்ச மூலிகை வேண்டும். அதற்கு முன்பே எங்கள் செவ்வாய் மத்தியானம், வெயிலுக்குப் பயந்து ஒழுங்கையே படுத்திருக்கிற நேரத்தில், என் சாமானை இரண்டரை மடங்கு விலையில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பேன். மற்றவர்கள் பதறி விலையைக் குறைப்பார்கள். நான் குறைக்கமாட்டேன். அவர்களுடையது முடிந்த பிறகு என்னுடையதுதான் போகும்.

பொற்காசை மொத்தமாக வாங்கியவர் போலந்துக்காரர். முகம் தெரியாது. மூன்று வருடத்தில் ஒரு தரமும் ஏமாற்றவில்லை. ஆனால் அவர் பணம் அனுப்புகிற முறையில் இங்கே இருந்துகொண்டு வாங்க வழியில்லை. கனடாவில் இருக்கிற அண்ணையின் கணக்குக்கு அனுப்பச் சொன்னேன். அண்ணை அதை உண்டியலில் போடுவார். உண்டியல் என்றால் எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. அங்கே ஓர் ஆளிடம் காசைக் கொடுத்தால் இங்கே ஓர் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து தருவார். வங்கியும் இல்லை, பற்றுத்துண்டும் இல்லை.

முதல் காசு வந்த அன்று நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள்காரர் படலையில் நின்று, "கனடாவிலையிருந்து மகன் அனுப்பினது" என்று அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கைநிறைய நுரையோடு ஓடிவந்தேன். அம்மா காசை எண்ணவில்லை. அந்தோனியார் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தார். அதற்கு முன் பதினாலு மாதமாக அண்ணை ஒரு சதம் அனுப்பவில்லை. நாங்கள் ஐந்தாறு தரம் போன் எடுத்தால் ஒரு தரம் பதில் சொல்வார். பூசை முடிந்து வரும்போது மற்றத் தாய்மார் "மகன் எப்பிடி?" என்று கேட்பார்களே என்பதற்காகவே அம்மா பக்கத்துக் கதவால் கோயிலை விட்டு வெளியே வந்துவிடுவார்.

"பாத்தியே பிள்ளை, அவன் எங்களை மறக்கேல்லை" என்றார்.

நான் வாய் திறந்திருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் பூசை முடிந்து வருவதற்குள் அம்மா அரைவாசி ஒழுங்கைக்குச் சொல்லி முடித்துவிட்டார். அன்று அவர் பெரிய கதவால்தான் வெளியே வந்தார். நான் என்னத்தைச் சொல்ல? கரையில் பழகிய பழக்கத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய முட்டாள்தனம் அதுதான்.

அண்ணை சொல்லுவார் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அம்மா அவருக்குப் போன் எடுத்து, "காசு கிடைச்சுது மோனை" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அண்ணை "ஓம் அம்மா" என்றார். அவ்வளவுதான். பிறகு தனியாக எனக்கு எடுத்தார்.

"அம்மா சந்தோசப்படுறா, விடு தங்கச்சி. காசு வீட்டுக்குத்தானே வருகுது. ஆர் அனுப்பினால் என்ன?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவரும் அங்கே சும்மா இருக்கவில்லை. கனடா போக வாங்கிய கடன், வாடகை, இரவில் ஒரு வேலை, பகலில் ஒரு வேலை. பாவம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க எனக்குப் பொறுமை இல்லை.

கூரைக்குப் புதுச் சீற் போட்டோம். அப்பாவின் பழைய எஞ்சினை மாற்றினோம். குளியலறை கட்டினோம். விறாந்தைக்கு மாபிள் பதித்தோம். ஒவ்வொன்றையும் வந்து பார்த்தவர்களுக்கு அம்மா, "எல்லாம் மூத்தவன் செய்தது" என்று சொன்னார். அண்ணையும் மாறிப்போனார். முன்பு எடுத்தால் பதில் சொல்லாதவர் இப்போது தானாகவே எடுத்து, மாபிளுக்கு என்ன நிறம் என்று கேட்டார், காசை வீணாக்க வேண்டாம் என்று அப்பாவுக்குப் புத்தி சொன்னார். ஒருநாள் அம்மாவிடம், "உவள் நெடுக உந்தக் கொம்பியூட்டருக்கு முன்னாலை இருந்து கெட்டுப்போறாள். ஏதும் தையலாவது பழக்குங்கோ" என்று சொன்னதையும் நான் கேட்டேன்.

அம்மாவும் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்திருக்கும்போது எனக்குக் கேட்கத்தக்கதாக, "அண்ணைக்காரன் குளிருக்கை நிண்டு மாடாய் உழைக்கிறான். இவள் இஞ்சை விளையாடிக்கொண்டு இருக்கிறாள்" என்பார். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்தத் திரையில்தான் அவர் கால் வைத்து நின்ற மாபிளின் மிச்சக் காசு ஏறிக்கொண்டிருக்கும். எத்தனையோ தரம் எழும்பிக் கத்தவேண்டும் போல இருந்தது. கத்தவில்லை.

பிறகு நாட்டுக்கே கெட்ட காலம் வந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. மின்சாரம் மணிக்கணக்காக நின்றது. வரும் நேரமும் என் வியாபார நேரமும் ஒத்துவரவில்லை. இரண்டு மாதம் ஒன்றும் உழைக்க முடியவில்லை. மின்சாரம் சீரானதும் டொலரின் விலை ஏறியிருந்ததால் என் உழைப்புக்கு முன்பைவிட இரட்டிப்பாகக் காசு வந்தது. ஊரே வரிசையில் நின்று வாடும்போது நான் டொலர் ஏறட்டும் என்று இருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

முடிவு மூன்று வரியில் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை உள்ளே போக விடவில்லை. விதியை மீறியதால் உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பொற்காசு, மூலிகை, கிழிந்த மேலங்கிக்காரி, எல்லாம் போனது. அதற்கு இரண்டு நாள் முன்பு போலந்துக்காரர் அனுப்பிய பெரிய தொகை ஒன்று மட்டும் அண்ணையிடம் இருந்தது. கேட்டேன். "கொஞ்சம் பொறு தங்கச்சி, இஞ்சை கொஞ்சம் இறுக்கம்" என்றார். பொறுத்தேன். அது வரவே இல்லை.

மூன்று மாதமாக மோட்டார் சைக்கிள் எங்கள் படலைக்கு வரவில்லை. அம்மா செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தத் தொடங்கினார். அண்ணைக்கு நோய் வருத்தம் ஏதும் வந்துவிட்டதோ என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக் கவலைப்பட்டார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஒரு செவ்வாய் மாலை கோயிலால் வந்த அம்மாவை இருத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். ஏலக்கடை, போலந்துக்காரர், அண்ணையின் கணக்கு, உண்டியல். "உன்ரை காசு வந்திட்டுது, நாளைக்கு ஆள் கொண்டுவருவார்" என்று அண்ணை எனக்கு அனுப்பிய குரல் பதிவையும் போட்டுக் காட்டினேன். அம்மா இனிக் கட்டிப்பிடித்து அழுவார் என்றுதான் நினைத்தேன்.

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியே?" என்றார். "கரண்ட் நிண்ட ரெண்டு மாதமும் காசும் நிண்டது. கனடாவிலையும் கரண்ட் நிண்டதே?"

மின்வெட்டு முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அந்த ஒரு வருடமும் தெரிந்துகொண்டுதான் "மாடாய் உழைக்கிறான்" என்று பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னாரா? மெழுகுதிரியும் ஊருக்குக் காட்டத்தானா?

"அப்ப ஏனம்மா?"

"மகன் மறந்துபோனான் எண்டு இந்த ஒழுங்கையிலை நான் என்னெண்டு நடக்கிறது பிள்ளை? நீ வெளியிலை சொல்லிப்போடாதை. அவன்ரை மானமும் போகும், இப்ப பேசுற உன்ரை கலியாணமும் குழம்பும். தமையன்தான் எல்லாம் செய்து வைச்சிருக்கிறான் எண்டு மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லியிருக்கு. பொம்பிளைப் பிள்ளை விளையாட்டிலை உழைச்ச காசெண்டால் என்ன நினைப்பினம்?"

வாசலில் அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். கையைக் கூட நிறுத்தவில்லை. கரையில் நிற்பது போலவே எங்கோ பார்த்துக்கொண்டு இருந்தார்.

அந்த வருடம் கோயில் பெருநாளுக்கு அண்ணை வந்தார். எட்டு வருடத்துக்குப் பிறகு. மாபிளில் செருப்போடு நடந்து, குளியலறைத் தண்ணீரைத் திறந்து பார்த்து, பரவாயில்லை என்றார். கொஞ்சம் முடி கொட்டியிருந்தது. என்னைத் தனியே சந்திக்காமல் நாலு நாள் கவனமாக நடந்துகொண்டார். ஐந்தாம் நாள் மாப்பிள்ளை பகுதி வந்தது. விறாந்தை நிறைய ஆட்கள். அம்மா என்னைக் கூப்பிட்டார். எல்லாருக்கும் முன்னால் அண்ணை ஒரு பெட்டியை எடுத்து என் கையில் தந்தார். புத்தம்புது லப்டொப்.

"தங்கச்சிக்கு விளையாட்டெண்டால் உயிர்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இப்படி ஒரு தமையன் யாருக்குக் கிடைக்கும் என்று மாப்பிள்ளையின் தாய் சொன்னார்.

பெட்டியின் பக்கத்தில் விலை ஒட்டியிருந்ததைக் கிழிக்க மறந்துவிட்டார்கள். கனடா டொலர். போலந்துக்காரரின் கடைசிக் காசும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

"அண்ணைக்குத் தாங்ஸ் சொல்லு பிள்ளை" என்றார் அம்மா. என் முகத்தைப் பார்க்கவில்லை, மாபிளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தாங்ஸ் அண்ணை" என்றேன்.

அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. தமையன் சீதனத்துக்கு இன்னும் கொஞ்சம் போடுவார் என்று எதிர்பார்த்தார்களாம். அண்ணை திரும்பிப் போன கிழமையே லப்டொப்பை விற்பதற்கு இணையத்தில் விளம்பரம் போட்டேன். தெல்லிப்பழையிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்தார். நான் சொன்ன விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டார். குறைக்கமாட்டேன் என்றேன். சீல் உடைக்காத பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, களவுச் சாமானோ என்ற சந்தேகத்தில், "ஆர் தங்கச்சி உங்களுக்கு வாங்கித் தந்தது?" என்று கேட்டார்.

அம்மா குசினி வாசலில் நின்றார்.

"ஒருத்தரும் தரேல்லை. நான் உழைச்சு வாங்கினது" என்று அம்மாவைப் பார்த்தே சொன்னேன். அம்மா உள்ளே போய்விட்டார். வந்தவர் நோட்டுகளை என் கையில் எண்ணி வைத்தார்.