உள்பாவாடைப் பையில் பாஸ்போர்ட்

“…மொகத்துக்கு நேரா தூக்கிப் புடிக்கச் சொல்லுக்கா. போட்டோவும் ஆளும் ஒண்ணுதானான்னு நான் பாக்கணும். எக்ஸ்பைரி தேதியில வெரல வச்சுக் காட்டச் சொல்லு” என்றான் தம்பி.

அவன் இருந்தது கீரமங்கலத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊரில், அவன் வீட்டுக் கட்டிலில். நான் இருந்தது ஐரோப்பாவில் ஏரிக்கரையில் உள்ள ஒரு சிற்றூரின் பெரிய சமையற்கட்டில். எனக்கு எதிரே அறுபது வயது வெள்ளைக்கார அம்மா ஒருவர் தன்னுடைய சொந்தப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, போனில் தெரியும் ஒரு மூக்கையும் ஒரு கண்ணையும் பார்த்தபடி நின்றிருந்தார். தம்பிக்குப் போனை எட்டப் பிடித்துப் பேச இன்னும் வரவில்லை.

இந்த இடத்துக்கு நாங்கள் மூவரும் எப்படி வந்து சேர்ந்தோம் என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. பூக்கட்டத் தெரியும். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்கு எதிரே உட்கார்ந்து இருபது வருஷம் மல்லிகையும் முல்லையும் கட்டியிருக்கிறேன். ஆத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கை சும்மா இருக்க மாட்டாமல், காலியான மாத்திரை அட்டைகளை வாழைநாரில் பூ மாதிரியே கட்டினேன். கட்டக் கட்டச் சுவர் அளவுக்கு வந்துவிட்டது. பிறகு பஸ் டிக்கெட், பழுத்த ஆலிலை, உடைந்த வளையல் என்று எது கிடைத்தாலும் கட்டினேன். புதுக்கோட்டையிலிருந்து பூ வாங்க வந்த டிராயிங் மாஸ்டர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துப்போனார். அவர்தான் ஏதோ ஃபாரம் நிரப்பி அனுப்பினார். மூன்று மாதம் வந்து தங்கு, டிக்கெட்டும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு என்று கடிதாசி வந்தது. அதற்கு ரெசிடென்சி என்று பேராம்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஓர் ஆள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும். வெளிநாடு என்றால் என்ன வேலை, என்ன பெர்மிட், ஏஜென்ட் யார் என்று மூன்று கேள்வி உண்டு. என்னிடம் மூன்றுக்கும் பதில் இல்லை. கமிஷன் கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் மார்க்கெட்டில் அது நாலு நாளைக்கு ஓடும். அவர் கேட்டார், “சமையலா, ஆயா வேலையாம்மா?” இரண்டும் இல்லை, சும்மா தங்கி நம்ம வேலையைப் பார்க்கலாமாம் என்றேன். “அப்ப என்ன வேலைங்கிறத அங்க போனப்புறந்தான் சொல்லுவாக போல” என்று சொல்லிவிட்டு எடைத்தட்டில் கனகாம்பரத்தைக் கொட்டினார். ஒரு வாரத்துக்கு என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் இதையே சொன்னார்கள்.

இதில் என் மகள் அப்போது மாசமாக இருந்தாள், அஞ்சு முடிந்து ஆறு. தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதம் நான் போய் வளையல் போட்டு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். சம்பந்தியம்மா சத்தம் போட்டுப் பேசமாட்டார், சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். “நீங்க பாட்டுக்குப் போயிட்டு வாங்க. ஒம்பதாம் மாசம் புள்ளைக்கு வளையல் போட நாங்க யாரையாச்சும் வாடகைக்குப் புடிச்சுக்கிறோம்.” வளைகாப்புக்கு ஒரு வாரம் முன்னதாகத் திரும்புவதற்கு எனக்கு டிக்கெட். அதைத் தாளில் எடுத்து அவர் கையிலேயே ஒரு பிரதி கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

இனித் தம்பியைப் பற்றி. அவன் இருபத்திரண்டு வயதில் ஏஜென்ட் மூலமாக வளைகுடாவுக்குப் போனான். விமான நிலையத்து வாசலிலேயே ஒரு சூப்பர்வைசர் வந்து எல்லார் பாஸ்போர்ட்டையும் ஒரு கேரிபேக்கில் வாங்கிப் போட்டுக்கொண்டாராம். இரண்டாவது வருஷம் அப்பா இறந்தார். பாஸ்போர்ட் வேண்டும் என்று இவன் நடையாய் நடந்தான். அது கைக்கு வர பதினோரு மாதம் ஆனது. நான் கட்டிய பூ மாலையோடு கிடந்த அப்பாவுக்குப் பங்காளி மகன்தான் கொள்ளி வைத்தான். தம்பி வந்து இறங்கியதும் வீட்டுக்குள் நுழையாமல் நேரே சுடுகாட்டுக்குப் போய் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். பாஸ்போர்ட்டை ஒரு மஞ்சள் பையில் சுற்றி பீரோ மேல் போட்டான். கட்டின பெண்டாட்டிக்குக்கூட அதைக் காட்டியது கிடையாது. இப்போது குட்டியானை வண்டி ஓட்டுகிறான், மார்க்கெட்டுக்குப் பூக்கூடை ஏற்றுகிறான். திருச்சி விமான நிலையத்தில் என்னை விடவந்தவன் உடம்பைப் பார்த்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கொடுக்காதே, சிரித்துக் கேட்டால் கட்டாயம் கொடுக்காதே என்றான். அவ்வளவுதான். நான் உள்பாவாடையில் ஒரு பை தைத்து, பாஸ்போர்ட்டை வைத்து, வாயையும் தைத்துவிட்டிருந்தேன். விமானத்தில் ஏறும் வரைக்கும் தையலைப் பிரிப்பதும் மறுபடி போடுவதுமாக, கழிவறைக்கு மூன்று தடவை போனேன்.

அந்த வீடு பழைய பள்ளிக்கூடம். ஆளுக்கு ஓர் அறை, பொதுவில் ஒரு சமையற்கட்டு. என்னோடு வேறு மூன்று பேர் தங்கியிருந்தார்கள், படம் வரைகிறவர்கள். நான் சொன்ன அந்த வெள்ளைக்கார அம்மாதான் வீட்டை நடத்துகிறவர். இடுப்பில் சாவிக்கொத்து, காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், சாப்பிடுவது எப்போதும் நின்றுகொண்டே. அவர் தன் பாஷையில் போனிடம் பேசுவார். போன் என்னிடம் தமிழில் சொல்லும். அது ரேடியோச் செய்தித் தமிழ். முதல் நாள் அது சொன்னது: “தாங்கள் இங்கு எதுவும் செய்யாவிட்டாலும் எங்களுக்கு மகிழ்ச்சியே.” எதுவும் செய்யாதவளுக்கு மூன்று வேளை சோறு போட்டு மகிழ்ச்சியும் படுகிற வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை.

வேலையில் குறை இல்லை. இலையுதிர்காலம். ஏரிக்கரை மரமெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. சாக்கு சாக்காக அள்ளிவந்து, ஊரிலிருந்து கொண்டுபோன வாழைநாரில் கட்டினேன். ஒரு நாளைக்கு எட்டு முழம் கணக்கு. மற்றவர்கள் கைக்கெட்டாத ஏதோ ஒன்று வருவதற்காக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் காலை ஏழு மணிக்கு மார்க்கெட்டில் உட்காருவதுபோல உட்கார்ந்துவிடுவேன். வீட்டுக்கார அம்மா வந்து என் விரலைப் பார்ப்பார், பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். எதற்குப் பார்க்கிறார் என்று எனக்கு ஒரே யோசனை. பார்க்கும்போதெல்லாம் வேகத்தைக் கூட்டிவிடுவேன், முடிச்சு கண்ணுக்குப் பிடிபடாதபடி.

இரண்டாவது வாரம் அது வந்தது. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா ஒரு கூடையோடு வந்து நின்றார். அவர் சிரித்தார். போன் சொன்னது: “தயவுசெய்து தங்கள் கடவுச்சீட்டை அளிக்கவும்.” வெளியூர்க்காரர்கள் பேரைப் பக்கத்து டவுனில் ஓர் அலுவலகத்தில் பதியவேண்டுமாம். திங்கட்கிழமை கொடுத்தால் வியாழக்கிழமை முத்திரைத் தாளோடு திரும்பத் தருவார்களாம். மற்ற மூவரும் சாப்பிட்ட தட்டைக் கழுவப் போடுகிறமாதிரி கூடைக்குள் போட்டார்கள். நான் பாஸ்போர்ட் பெட்டியில் அடியில் இருக்கிறது, பிறகு தருகிறேன் என்றேன். அது அந்த நேரம் என் இடது தொடையில் உறுத்திக்கொண்டிருந்தது.

தம்பியிடம் சொன்னேன். “கூடையிலயா வாங்குனாக?” என்று மட்டும் கேட்டான்.

வியாழக்கிழமை வந்தது. பாஸ்போர்ட் ஒன்றும் வரவில்லை. அலுவலகத்து ஆளுக்குக் காய்ச்சல் என்றார்கள். அந்த மூவருக்கும் அது ஒரு விஷயமாகவே இல்லை. ஒருவர் படகு விடப் போய்விட்டார். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. என்னுடையது என்னிடம் இருந்தும் இறங்கவில்லை. அடுத்த திங்கள் எல்லாம் திரும்பி வந்தன. வந்ததும் நான் அதிலும் சந்தேகப்பட்டேன். முதல் தடவை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்து நம்பவைப்பது இல்லையா?

அதிலிருந்து அறையை விட்டுப் போகும்போது கதவிடுக்கில் ஒரு வாழைநாரை வைத்துவிட்டுப் போவேன். யாராவது திறந்தால் விழுந்துவிடும். ஒரு நாள் ஏரிக்கரையிலிருந்து வந்து பார்த்தால் நார் தரையில் கிடக்கிறது. பெட்டி, மெத்தை, தலையணை எல்லாவற்றையும் பார்த்தேன். எதுவும் கலையவில்லை. கூடுதலாக ஒன்று இருந்தது: ஹீட்டர் மேல் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். அந்தச் சூட்டில் என் நார் காய்ந்து பொடிப்பொடியாக உடைந்துகொண்டிருந்தது உண்மை. கிண்ணம் வந்த பிறகு உடையவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் அன்றைக்கு நான் நினைத்தது, பெட்டியைத் திறக்க வந்தவர் ஒரு சாக்குப்போக்கோடு வந்திருக்கிறார் என்றுதான்.

நாள் போனது. மற்ற மூன்று பேரின் முத்திரைத் தாள்களும் சமையற்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்தன. என்னுடையது இல்லை. கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை அம்மா கூடை இல்லாமல் வந்தார், சிரிக்கவும் இல்லை. போன் சொன்னது: இந்த வாரத்தோடு கெடு முடிகிறது. பதியாவிட்டால் ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் நிறுத்திவைத்து விசாரிப்பார்கள், விமானம் தவறலாம்.

அதாவது கொடுத்தாலும் மாட்டுவேன், கொடுக்காவிட்டாலும் மாட்டுவேன். மகள் ஒன்பதாம் மாதத்தில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வழியைப் பார்த்துக்கொண்டிருப்பதும், சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே வளையல் பெட்டியை எடுத்து வைப்பதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. நானே உங்களோடு வருகிறேன், என் கையாலேயே கொடுக்கிறேன் என்றேன். வரலாம், ஆனால் அந்த அலுவலகத்து ஆள் எப்படியும் வியாழன் வரை வைத்துக்கொள்வார் என்று பதில் வந்தது. அப்போது எனக்கு வேறு வழி தெரியாமல் தம்பி கதையை அவர் போனிடம் சொன்னேன். கேரிபேக், அப்பா, பதினோரு மாதம், எல்லாம். போன் அதை அவர் பாஷையில் என்னவென்று சொன்னதோ, அவர் நின்றுகொண்டே இருந்தவர் முதல் தடவையாக ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து தன் அறைக்குப் போய், தன் பாஸ்போர்ட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். போன் சொன்னது: “தங்களுடையது திரும்பி வரும் வரை இது தங்களிடம் இருக்கட்டும்.”

எங்கள் பக்கம் அடகு தெரியாதவர்கள் கிடையாது. நகையை, பாத்திரத்தை, நிலத்துப் பத்திரத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஓர் ஆள் தன்னையே கொண்டுவந்து வைத்து இப்போதுதான் பார்த்தேன். பார்த்தும் உடனே கையை நீட்டிவிடவில்லை. இது யாருடையதோ? செத்துப்போன யாருடையதாவது இருந்தால்? தம்பிக்கு வீடியோ கால் போட்டேன். அவன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

அந்த அம்மா அவன் சொன்னதைத் தட்டவில்லை. பாஸ்போர்ட்டை விரித்து முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். படத்தில் சுருட்டை முடி, நேரில் நரை. தம்பி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பேரைப் படித்தான். அவர் தேதியில் விரலை வைத்தார். இன்னும் ஆறு வருஷம் இருந்தது. “ஆபீசுல தொலச்சுப்புட்டா என்ன செய்வாகன்னு கேளு” என்றான். கேட்டேன். அவர் போன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது: “அப்படியானால் நாம் இருவரும் இங்கேயே இருப்போம்.”

நான் நார் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி, உள்பாவாடைத் தையலைப் பிரித்தேன். பாஸ்போர்ட் உடம்புச் சூட்டில் வளைந்துபோயிருந்தது. மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவி அவர் கையில் கொடுத்தேன். அவருடையதை எடுத்து அதே பையில் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை என்னுடையது வந்தது. நானும் சொன்ன தேதிக்கு வந்து சேர்ந்தேன், வளையலும் போட்டேன். ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை சமையற்கட்டில் நின்றபோது இதில் ஒன்றும் தெரியாது. அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்ப நின்றார். என் போன் இன்னும் மேசையில்தான் இருந்தது, சர்க்கரை டப்பாவில் சாய்த்தபடி. அதில் தம்பியைக் காணோம். காலியான கட்டிலும், சுவரில் மளிகைக் கடைக் காலண்டரும், சுற்றுகிற ஃபேனின் நிழலும்தான் தெரிந்தன. கோபித்துக்கொண்டு போய்விட்டாரா என்று அம்மா சைகையில் கேட்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பீரோவை ஒட்டி நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் எதையோ தட்டித் தூசி விடும் சத்தம்.

தம்பி திரும்ப வந்து கட்டிலில் உட்கார்ந்தான். மடியில் மஞ்சள் பை. முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். என்னைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவைத்தான் பார்த்தான். அவர் செய்தமாதிரியே தன் பழைய பாஸ்போர்ட்டை விரித்து முகத்துக்கு நேரே, இந்தத் தடவை போனிலிருந்து நன்றாக எட்ட, தூக்கிப் பிடித்தான். அதில் மீசை சரியாக முளைக்காத ஒரு முகம். பிறகு பக்கத்தைப் புரட்டி, ஊர் திரும்பிய அன்று குத்திய முத்திரைத் தேதியில் விரலை வைத்துக் காட்டினான்.