கொழுந்தன் கையில் கட்டிய கடிகாரம்

முதலில் வீங்கியது என் கணவரின் கணுக்கால்தான். அவர் செருப்பைக் குறை சொன்னார். புதுச் செருப்பு வாங்கினோம். மாடி ஏறும்போது மூச்சு வாங்கியதற்கும் செருப்பா காரணம் என்று இருவருக்குமே உறைக்கவில்லை.

பரிசோதனையில் இதயத்தசை நலிவு (இதயம் தளர்ந்து, இரத்தத்தை முழுதாக வெளித்தள்ள முடியாத நிலை) என்று தெரிந்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்து, மெதுவாக நடக்கச் சொன்னார். கைக்கடிகாரத்தில் பதிவாகும் நடையையும் நாடித்துடிப்பையும் அடுத்த முறை காட்டச் சொன்னார்.

அது அலுவலகம் கொடுத்த கடிகாரம். அதன் செயலி, யார் எவ்வளவு நடந்தார் என்று குழு முழுவதற்கும் வரிசைப்படுத்திக் காட்டும். இவர் பெயர் கடைசிக்குப் போனதும், "உடம்பு சரியில்லையா?" என்று மேலாளர் செய்தி அனுப்பினார். நோயாளி என்று தெரிந்தால் வேலையிலிருந்து கழற்றிவிடுவார்களே என்று இவருக்குப் பயம்.

அடுத்த சந்திப்பில் கடிகாரம் காட்டிய நடை வரைபடம் அமர்க்களமாக இருந்தது. "நல்லா தாங்குறீங்க. மருந்தைக் கூட்ட வேண்டாம், இதே அளவு போதும்" என்றார் மருத்துவர். நானும் பூரித்துப்போனேன்.

சில வாரங்களில் படுத்தாலே மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்து அந்த வரைபடத்தையே வெறித்தேன். இவ்வளவு நடப்பவருக்கு இது எப்படி வந்தது? பக்கத்தில் கொழுந்தன் சேகர். சென்னீர்குப்பம் கிடங்கில் நாள் முழுக்க நடந்து பெட்டி அடுக்குபவன். அவன் முகம் வெளிறிவிட்டது.

"அண்ணி, அது என் நடை. அண்ணாத்தே வாட்ச்ச என் கையில கட்டி உட்டாரு. ஆபீஸுக்குக் காட்டத்தான்னு நெனச்சிக்கினேன். டாக்டரும் அதயே பாக்குறாருன்னு எனக்கு இன்னா தெரியும்?"

ஓங்கி அறையலாம் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. மருத்துவரிடம் சொன்னேன். மருந்தை அப்போதே கூட்டியிருந்தால் இதயம் இவ்வளவு தளர்ந்திருக்காதா என்று கேட்டேன். "இருக்கலாம்மா" என்றார்.

வீடு திரும்பியதும், நடையைக் கைபேசியே எண்ணும்படி வேறு செயலி தேடினோம். எங்கள் நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கணக்குத் தொடங்கச் சொல்லாத, இணைய அனுமதியே கேட்காத செயலியாகப் பாருங்கள். அதன் நிரல் (செயலியை இயக்கும் கட்டளைகள்) எல்லோரும் படிக்கும்படி திறந்திருக்க வேண்டும். நமக்குப் புரியாவிட்டாலும், புரிந்தவர்கள் கிளறிப் பார்க்க முடியும். பதிவுகள் நம் கைபேசியிலேயே தங்கும். கைபேசி தொலைந்தால் அதுவும் போச்சு, ஆகவே அவ்வப்போது நகல் எடுத்து வையுங்கள். ஊரார் பார்க்காத இடத்தில் வேஷம் போட வேண்டியதில்லை. ஆனால் நடப்பது யார் என்று எந்தச் செயலியும் கேட்காது.

கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நாடியை நான் விரல் வைத்து எண்ணிச் சொல்ல, இவர் பதிந்துகொள்கிறார். முதல் வாரத்து வரைபடம் தரையோடு கிடந்தது. "இவ்ளோதானா நானு?" என்றார். மருத்துவர் அதைப் பார்த்துத்தான் மருந்தை மாற்றினார். இதயம் இனிப் பழையபடி ஆகாது என்பதையும் சொல்லிவிட்டார்.

மாலைகளில் அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போகிறோம். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. முன்பெல்லாம் வேகமாக முன்னே போய்விடுவேன். இப்போது இவருக்கு மூச்சு திணறினால் என் கால் தானாக நின்றுவிடுகிறது.

நேற்று சேகரும் வந்தான். அண்ணன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. "ஃபோன வேற இன்னாத்துக்குத் தூக்கிகினு? குடு அண்ணாத்தே, நான் வச்சிக்கினு வரேன்."

இவர் கைபேசியைச் சட்டைப்பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்டா. கம்மியா இருந்தாலும் என் நடை என்னாண்டயே இருக்கட்டும்."