முதலில் உட்காரக் கூடாது

மாரண்டஹள்ளியில் மாதவராஜ் வீடு எது என்று கேட்டால், "எந்த மாதவராஜுங்க?" என்பார்கள். ஜெர்மன் மாதவராஜ் என்று சொல்லிவிட்டால் கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். ஆள் ஜெர்மனிக்குப் போனவரில்லை. வடக்கே பெங்களூருதான் அவர் கண்ட எல்லை. இன்றைக்கு ஓட்டுவது தக்காளி ஏற்றும் பிக்கப் வண்டி. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெட்டிகளை ஏற்றிப் பாலக்கோடு மார்க்கெட்டில் இறக்கினால் அன்றைய பாடு தீர்ந்தது. பேருக்கும் பிழைப்புக்கும் பொருத்தம் பார்க்கப் போனால் நம் ஊரில் பாதிப் பேருக்குப் பேரே இருக்காது.

அந்தப் பேர் பெங்களூருவில் ஒட்டிக்கொண்டது. வாலிபத்தில் அங்கே ஒரு டாக்டர் வீட்டில் கார் ஓட்டினார். கறுப்பு நிற ஜெர்மன் கார். கதவைச் சாத்தினால் ஊர்ச் சத்தமெல்லாம் வெளியிலேயே நின்றுவிடும். டாக்டர் தங்கமான மனுஷர்தான். ஆனால் வேலைக்குச் சேர்ந்த அன்றே, வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரையும் வண்டியில் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார். கல்யாணமான புதிதில் கலைமதி ஒருமுறை பெங்களூரு வந்தாள். கையில் பையோடு தூறலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவளைத் தாண்டி மாதவராஜ் காலி வண்டியோடு போக வேண்டி வந்தது. வேகத்தைக் குறைத்தார். அவளோ சிரித்தபடி, போங்க போங்க என்று கையை ஆட்டினாள். அவள் அதை அன்றைக்கே மறந்துவிட்டாள். அவருக்குத்தான் அந்தக் காலிப் பின்சீட்டு கண்ணைவிட்டுப் போகவில்லை. அப்படியொரு வண்டி சொந்தமாக வாங்க வேண்டும், கலைமதியைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்ட வேண்டும். இதுதான் ஆசை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாத ஆசைக்கு நடுவில் ஊரார் ஆசைக்கெல்லாம் அவர் துணை போனார். தக்காளி விலை உச்சத்துக்குப் போன வருஷம், நாலு காசு பார்த்தவர்களுக்கெல்லாம் பழைய சொகுசுக் கார் மோகம் பிடித்தது. பெங்களூருவில் பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். ஆளாளுக்கு மாதவராஜைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினார்கள். ஒருமுறை பெரிய தோட்டக்காரர் பெரியண்ணன் ஒரு வெள்ளி நிற வண்டியைப் பார்த்ததும் கதவைத் திறந்து உள்ளே ஏறப் போனார். மாதவராஜ் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"உக்காராதீங்க. உக்காந்தீங்கன்னா அப்பறம் கண்ணு தெரியாது. அந்த சீட்டு அப்படி."

"பின்ன என்னத்தைய்யா பாக்கறது?"

"தக்காளிப் பெட்டியில மேல்வரிசையப் பாத்தா வெல சொல்லுவீங்க? அடியில கைய வுட்டுப் பாப்பீங்கல்ல?"

அப்படித்தான் பார்த்தார். முன்கூட்டிச் சொல்லாமல் போய் நின்று, என்ஜின் ஆறிக் கிடக்கிறதா என்று பானட்டில் கை வைத்தார். சூடாக்கி வைத்த என்ஜின் தன் நோவைக் காட்டாதாம். வண்டி கொஞ்சம்தான் ஓடியிருக்கிறது என்றது மீட்டர், பிரேக் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருந்தது. கம்பெனியில் சர்வீஸ் பண்ணின விவரத்தைக் கேட்டால் விற்பவன் வானத்தைப் பார்த்தான். கடைசியில் சீட் பெல்ட்டை ஒரு முழம்கூட விடாமல் வெளியே இழுத்தார். "வெள்ளத்துல முங்குன வண்டிய வெளுக்கறவன் சீட்டக் கழுவுவான், தரையில கால்மிதிய மாத்துவான். உள்ள சுருண்டு கெடக்கற பெல்ட்ட மறந்துருவான்" என்றார். அந்த பெல்ட் சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மீட்டரைத் திருத்தியவனிடம் என்ன வியாபாரம் என்று திரும்பிவிட்டார்கள். இப்படி எத்தனை பேருக்கு வேண்டாம் என்று சொல்லியிருப்பார். சொல்லும்போதெல்லாம், நமக்கு வாய்க்கும்போது நல்லதாக வாய்க்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு வேண்டுதல் ஓடும்.

மகள் கல்யாணம் முடிந்து, மகன் ஓசூரில் வேலைக்குப் போனபின் கையில் கொஞ்சம் தங்கியது. அந்த நேரம் பார்த்து அதியமான்கோட்டையில் பைபாஸ் ஓரம் பழைய கார் விற்கும் நவநீதன் போன் பண்ணினான். "அண்ணா, பெங்களூரு வண்டி ஒண்ணு வந்துருக்குதுங்க. கறுப்பு. நீங்க பாத்தா வுடமாட்டீங்க."

மறுநாளே கலைமதியைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனார். அவள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். "பாக்கத்தான போறோம், இதென்னத்துக்கு?" என்று அவர் கேட்டதற்கு, "நீங்க சலவைச் சட்டை போட்டுருக்கீங்களே, அதென்னத்துக்கு?" என்றாள்.

வண்டி வெயிலில் நின்றது. டாக்டர் வைத்திருந்ததன் தம்பி போலவே இருந்தது. உள்ளே வெண்ணெய் நிறத்தில் தோல் சீட்டு. மாதவராஜ் பானட்டில் கை வைக்கவில்லை. பெடலைக் குனிந்து பார்க்கவில்லை. கதவைத் திறந்தார், உட்கார்ந்துவிட்டார். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், அது சொந்தப் புத்தியையும் அறியாது போலிருக்கிறது. உள்ளே செண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. இவ்வளவு செண்ட் எதை மூட அடித்தார்கள் என்று மற்றவர் வண்டியாக இருந்தால் கேட்டிருப்பார். மனசு முணுமுணுத்தது, அவர்தான் காது கொடுக்கவில்லை.

"நீங்க ஓட்டிப் பாக்கறதுக்கு நான் எதுக்குண்ணா? அக்காவக் கூட்டிட்டு பைரவர் கோயில் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்று நவநீதன் சாவியைக் கொடுத்தான்.

கலைமதி முன்னால் ஏற வந்தாள். "பின்னாடி உக்காரு" என்றார். அவர் குரலைக் கேட்டு அவள் ஏன் என்று கேட்காமல் பின்னால் ஏறினாள். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. முப்பது வருஷமாகக் கண்ணில் நின்ற காலிப் பின்சீட்டு அந்த நிமிஷம் நிறைந்தது.

"பெல்ட் போட்டுக்க, கலை."

அவளுக்கு அந்தப் பழக்கமில்லை. எவ்வளவு இழுக்க வேண்டும் என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே போனாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார் மாதவராஜ். கறுப்பு பெல்ட் வந்தது, வந்தது, பிறகு காய்ந்த சேறு படிந்து செம்மண் நிறத்தில் வந்தது. பட்டுப்புடவை மடியில் பொடி மண் உதிர்ந்தது. கலைமதியின் கை அப்படியே நின்றது. அவர் போனில் ஊராருக்குச் சொன்னதையெல்லாம் சமையலறையிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கும் அத்துப்படி. கண்ணாடியில் இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன.

இந்த வண்டி கழுத்தளவு தண்ணீரில் கிடந்திருக்கிறது. இன்றைக்கு ஓடும். கொஞ்ச நாளில் ஒயரெல்லாம் களிம்பு பூத்துப்போய், ஏதாவதொரு நாள் தொப்பூர் கணவாயில் நடு ரோட்டில் நின்றுவிடும். வாங்கவும் முடியாது, வாங்கினால் வைத்துக் காப்பாற்றவும் முடியாது. இன்னொரு வண்டி தேடி அலைய இனி தெம்பும் இல்லை என்பது மாதவராஜுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அழுகை வந்தது. ரோட்டைப் பார்த்தே ஓட்டினார்.

"திருப்பட்டுமா?" என்று கேட்டார்.

அவள் மண்ணைத் தட்டிவிட்டு பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். "கோயில் வரைக்கும் போலாங்க. மெதுவாவே போங்க."

கோயில் வாசலில் நிறுத்தியதும் எலுமிச்சம்பழம் விற்கும் பெண் ஓடி வந்தாள். பூஜை போட வரும் வண்டியை அவள் தூரத்திலேயே கண்டுகொள்வாள். "புது வண்டிங்களா? பழம் வெக்கட்டுங்களா, அண்ணா?"

இல்லை என்று சொல்ல மாதவராஜ் வாயெடுத்தார். அதற்குள் பின்கதவுக் கண்ணாடி இறங்கியது. "நாலு பழம் வெய்யிங்க" என்றாள் கலைமதி.

"நம்ம வண்டி இல்ல, கலை."

"ஓட்டறது நீங்கதான? வெக்கட்டும்."

அந்தப் பெண் பானட்டில் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாகப் பழத்தை வைத்தாள். மாதவராஜ் சாமியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார். நாலு பழமும் நசுங்கின. அதற்குப் பிறகு அவர் நேராகத் திரும்பவில்லை. சர்வீஸ் ரோட்டில் தர்மபுரிப் பக்கமாக ஓட்டினார். ஒருமுறை கண்ணாடியில் பார்த்தபோது அவள் வெளியே பார்த்துக்கொண்டு, ராணி மாதிரி இல்லை, கலைமதி மாதிரியே உட்கார்ந்திருந்தாள். அதைத்தான் அவர் பார்க்க ஆசைப்பட்டார்.

திரும்பி வந்ததும் நவநீதன் குங்குமத்தைப் பார்த்து முகம் மலர்ந்தான். "பூஜையே போட்டுட்டீங்களா! அப்ப வண்டி முடிஞ்சுதுங்க."

மாதவராஜ் பின்கதவைத் திறந்து பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டினார். நவநீதன் முகம் சுண்டிப்போயிற்று. "சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணா, நானும் ஏமாந்துட்டேன்" என்றான். உண்மையாகவும் இருக்கலாம்.

"யாருக்கு வித்தாலும் இதச் சொல்லிட்டு வித்துரு, தம்பி" என்று மாதவராஜ் சாவியை அவன் கையில் வைத்தார். வைத்த பிறகும் சாவியை விடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிக்கப்பில் தக்காளி வாசனை அடித்தது. கலைமதி பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். மாதவராஜ் வண்டியைக் கிளப்பாமல் கேட்டார்.

"இன்னிக்குப் போனது போதுமா, கலை?"

அவள் கறுப்பு வண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"போதாதுங்க" என்றாள்.